கலக்காத போத்தல்

மகனே,

நீ இதை வாசிக்கும்போது உனக்கு என்னைவிட வயது கூடியிருக்கும். எனக்கு இப்போது பத்தொன்பது. தெருவில் கண்டால் அண்ணை என்று நான் ஒதுங்கி வழிவிடக்கூடிய ஒருவனுக்கு, அம்மா என்ற உரிமையில் புத்தி சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஒருவன் இப்போது அடுத்த அறையில், இரண்டு கைகளையும் தலைக்கு மேலே போட்டுக்கொண்டு, வாயைத் திறந்தபடி நித்திரை கொள்கிறான். நீ பிறந்த துடக்கைக் கழித்து ஒரு கிழமைதான் ஆகிறது. இவ்வளவு அவசரமாக உனக்குக் கடிதம் எழுத என்ன வந்தது என்று நீ கேட்பாய். இன்று மத்தியானம் எனக்கு ஒரு தெர்மின், நேரம் குறித்த ஒரு சந்திப்பு, இருக்கிறது. அதுவரை என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. உன் உடுப்புகளை மடித்து முடித்துவிட்டு மறுபடியும் பிரித்து மடித்தேன். அதைவிட எழுதுவது நல்லது.

ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் ஹம் நகரின் எல்லையில் கழிவுநீரைச் சுத்தப்படுத்தும் நிலையம் ஒன்று இருக்கிறது. அதன் ஆய்வுகூடத்தில் ஓர் ஆஸ்பில்டுங் இடம் காலியாக உள்ளது. சம்பளம் வாங்கிக்கொண்டே தொழில் பழகுகிற இடம். அதற்காக மூன்று பேருக்கு முன்னால் இருந்து நான் கதைக்கவேண்டும். கதைப்பேனா, அல்லது முன்பு ஒருமுறை செய்ததுபோல எழுந்து வெளியே போய்விடுவேனா என்று எனக்கே தெரியாது. இன்றைக்குப் போய்விட்டேன் என்றால், இனி எந்த அறைக்குள்ளும் என்னை யாரும் கூப்பிடப் போவதில்லை என்று மட்டும் தெரியும்.

தமிழில் எழுதுகிறேன். உனக்கு இது கஷ்டமாக இருந்தால் பொறுத்துக்கொள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் மட்டும்தான் எழுதினால் போதும், எழுந்து நின்று ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அதனால் அந்த ஒரு வகுப்பில் நான் கெட்டிக்காரி. ஜெர்மன் பள்ளியில் அப்படி இல்லை. கை தூக்காத பிள்ளைக்கு அங்கே புள்ளி குறையும். நான் பத்தாம் வகுப்பை முடிக்காமல் விட்டவள் என்று உனக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். ஏன் விட்டேன் என்று நானே சொல்லிவிடுகிறேன்.

உயிரியல் பாடத்தில் எல்லோரும் ஒரு போத்தல் செய்யவேண்டும் என்றார்கள். குளத்துச் சேற்றை எடுத்து, அதற்குள் கிழித்த பேப்பரும் முட்டையின் மஞ்சள் கருவும் பொடித்த முட்டைக்கோதும் போட்டு, மேலே குளத்துத் தண்ணீரை விட்டு, மூடி யன்னலில் வைக்கவேண்டும். பிறகு ஒன்றும் செய்யக்கூடாது. வெளிச்சம் படவேண்டும், அவ்வளவுதான். கிழமைகள் போகப்போகச் சேறு தானாகப் பிரிந்து அடுக்கடுக்காக நிறம் பிடிக்கும். மேலே பச்சை, அதற்குக் கீழே துரு நிறம், பிறகு ஊதா, அடியில் கறுப்பு. ஒவ்வொரு நிறமும் ஒரு கூட்டம். கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர்கள். மேலே இருப்பவை வெளிச்சத்தில் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். அவை எடுக்காமல் விடுகிற வெளிச்சத்தில் ஊதாக் கூட்டம் வாழும். அடியில் இருப்பவற்றுக்கு வெளிச்சமே வேண்டாம். மேலிருந்து செத்து விழுவதைத் தின்று, அழுகிய முட்டை மணக்கிற காற்றை விடும். அந்தக் காற்றுத்தான் ஊதாவுக்குச் சாப்பாடு. எங்கள் கட்டிடத்தில் மேல் வீட்டுக்காரர் தண்ணீர் சிந்தினால் கீழ் வீட்டுக்காரர் மணியடித்துச் சண்டைக்கு வருவார். போத்தலுக்குள் அப்படியில்லை. மேலே சிந்துவதற்காகக் கீழே காத்துக்கொண்டிருப்பார்கள்.

வகுப்பில் ஒரு கேள்வி தந்தார்கள். ஓர் இடத்தில் எத்தனை வகை உயிர்கள் இருக்கின்றன என்பதற்கும், அந்த இடம் எவ்வளவு விளைவிக்கிறது என்பதற்கும் என்ன தொடர்பு? நான் அந்தக் கேள்வியை அளவுக்கு மீறி விரும்பிவிட்டேன். மற்றவர்கள் ஒரு போத்தல் செய்தபோது நான் மூன்று செய்தேன். முதலாவதைத் தொடவே இல்லை. இரண்டாவதை அடிக்கடி ஒரு கரண்டிக் காம்பால் நன்றாகக் கலக்கினேன். மூன்றாவதுக்குச் சேற்றை முதலில் அவித்து, உள்ளே இருந்தவற்றை முடிந்தமட்டும் கொன்றுவிட்டு, குளத்தின் மேல் மிதந்த பச்சையில் ஒரு துளி மட்டும் விட்டேன். என் அம்மாவின் பால் காய்ச்சும் சட்டியில்தான் அவித்தேன். அந்தச் சட்டிக்கு என்ன நடந்தது என்று உன் அம்மம்மாவிடம் கேட்காதே.

கலக்கிய போத்தல் கலங்கலாகவே கிடந்தது. முதல் போத்தலில் இருந்த அதே சேறு, அதே குளம், அதே கூட்டங்கள். ஆனால் யாருக்கும் ஓர் இடம் பிடிக்க நேரம் கிடைக்கவில்லை. ஊதாக் கூட்டத்துக்கு வெளிக்காற்றுப் படாத இடம் வேண்டும். நான் கரண்டியைப் போடும்போதெல்லாம் அது இல்லாமல் போனது. அது எனக்கு விளங்கியது. விளங்காதது மூன்றாவது போத்தல். அதுதான் எல்லாவற்றையும்விட வேகமாக, கரும்பச்சையாக வளர்ந்தது. வெயில் பட்டால் கண்ணாடியில் குமிழ் குமிழாக ஏறியது. முதல் போத்தலின் பச்சை அதற்குப் பக்கத்தில் நோயாளி மாதிரி இருந்தது. பள்ளி நுணுக்குக்காட்டியில் முதல் போத்தலின் ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு துளி எடுத்துப் பார்த்தேன். நன்றாக விளைகிற மேல் அடுக்கில் ஒரே மாதிரி நூல்கள்தான் நிறைந்திருந்தன. மெதுவாக, கஞ்சத்தனமாக விளைகிற கீழ் அடுக்குகளில்தான் உருண்டை, கோல், சுருள் என்று கணக்கில்லாத வடிவங்கள். புத்தகத்தில் இருந்ததோ, வகைகள் கூடினால் விளைச்சல் கூடும் என்று. எனக்கு வந்தது அதன் தலைகீழ்.

நான் பிழையாகச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். வேறெப்படி நினைப்பேன்? எழுந்து நின்று சொல்லவேண்டிய நாளில் மூன்று போத்தல்களையும் மேசையில் வைத்தேன். ஒருவன் பின்னாலிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டு, “உங்கள் வீட்டுக் கறியா?” என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காக நான் ஓடவில்லை. அதற்குப் பழகியிருந்தேன். ஆசிரியை அன்பாகத்தான், “சரி, எது அதிகம் விளைந்தது?” என்று கேட்டார். மூன்றாவது என்ற ஒரு சொல் என் வாயில் இருந்தது. அதைச் சொன்னால் புத்தகத்துக்கு எதிராக நான் ஒருத்தி நிற்கவேண்டும். போத்தல்களைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனேன். அடுத்த நாளும் போகவில்லை, அதற்கடுத்த நாளும் போகவில்லை. பிறகு போகாமலிருப்பது சுகமாகிவிட்டது.

போத்தல்கள் மட்டும் எங்கள் குசினி யன்னலில் இருந்தன. நான் பேக்கரியில் தட்டுக் கழுவப் போனேன், உன் அப்பாவைக் கண்டேன், கலியாணம் செய்தேன். என்ன அவசரம் என்று ஊரெல்லாம் கேட்டது. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, உன் அப்பா எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொன்னார். ஹனோவரில் வளர்ந்த தமிழர், கலியாணத்தோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டவர், பார்சல் வான் ஓட்டுகிறவர், வாசல் மணியடித்தால் எந்த மொழிக்காரரோடும் சண்டையும் சமாதானமும் செய்யத் தெரிந்தவர். இந்தக் காலமெல்லாம் நான் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது போத்தல் ஒரு நாள் மஞ்சளாகத் தொடங்கியது. இருந்ததை எல்லாம் தின்று முடித்துவிட்டது. செத்ததைத் திருப்பிக் கொடுக்கக் கீழே ஒருவரும் இல்லை. முதல் போத்தல் அதே மெதுவில், அதே நிறங்களோடு இருந்தது. வகுப்பில் நான் வாயைத் திறந்திருந்தால், இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார் என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

இதைக் கதையாகச் சொன்னால் எல்லாம் சரியாக முடிந்ததுபோல் இருக்கும். அப்படி நினைத்துக்கொள்ளாதே. மூன்றாவது போத்தல் முதலில் வென்றது உண்மை. அந்தக் கிழமைகளில் அதன் பக்கத்தில் இருந்தவருக்கு அதுதான் முழு உண்மை. கீழ் அடுக்கில் அத்தனை வகைகள் ஏன் அத்தனை குறைவாக விளைவிக்கின்றன என்பதும் இன்றுவரை எனக்கு முழுதாக விளங்கவில்லை. வெளிச்சம் குறைந்த இடத்தில் ஆளுக்கொரு விதமாகப் பிழைக்கவேண்டியிருப்பதால்தான் அத்தனை விதங்கள் வந்தனவோ என்று சில நேரம் நினைப்பேன். அம்மா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். அவரோடு அங்கே எத்தனை நாட்டுப் பெண்கள் ஒரே நீலச் சட்டையில் நிற்கிறார்கள் என்று பார்த்தபோதும் அதுதான் ஞாபகம் வந்தது. அது சரியான நினைப்பா என்று தெரியாது. மனிதர்கள் சேறு இல்லை.

விண்ணப்பத்தை அனுப்பியது உன் அப்பா. நீ வயிற்றில் இருந்தாய். வான் ஓட்டத்தில் அந்த நிலையத்துக்குப் பார்சல் கொடுக்கப் போனவர் வாசலில் ஒட்டியிருந்த அறிவித்தலைப் படமெடுத்துக்கொண்டு வந்தார். என்னை எழுதவைத்து, போத்தல்களையும் படமெடுத்துச் சேர்த்தார்.

“உம்மடை மூஞ்சியை விட போத்தல் வடிவா விழுந்திருக்கப்பா. இதையே முன்னுக்கு வைப்பம்.”

“என்னட்டைச் சான்றிதழ் இல்லை.”

“அது அவைக்குத் தெரியட்டும். கேக்காமலே நாங்கள் ஏன் இல்லையெண்டு சொல்லவேணும்?”

பதில் வந்தது. வாருங்கள், போத்தல்களையும் கொண்டுவாருங்கள் என்று இருந்தது. நான் அந்தக் கடைசி வசனத்தைத்தான் பிடித்துக்கொண்டேன். போத்தல்களை மேசையில் வைத்தால் போதும், அவர்கள் பார்ப்பார்கள், நான் பெரிதாக ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

பிறகு உனக்குத் துடக்குக் கழிக்கும் நாள் வந்தது. பிள்ளை பிறந்த வீட்டைக் கழுவித் துடைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஐயரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளித்தால்தான் அம்மாவுக்கு வீடு வீடாகும். அதற்கு முதல் நாள் உன்னைப் பிள்ளை மருத்துவரிடம் காட்டிவிட்டு வந்தேன். கதவைத் திறந்ததும் குளோரின் மணம் கண்ணை எரித்தது. பாத்திரம் காயவைக்கும் தட்டில் மூன்று போத்தல்களும் கவிழ்ந்து கிடந்தன.

“பார், எப்பிடிப் பளிச்செண்டு இருக்கு,” என்றார் அம்மா. “எலுமிச்சங்காய் ஊறுகாய் போடலாம்.”

“அம்மா, உள்ளுக்கை இருந்தது?”

“சேறுதானே? கறிவேப்பிலைக்கு ஊத்தினன். நல்ல பசளை. நாளைக்கு ஐயர் வாறார், குசினி செத்த எலி நாறின மாதிரி நாறுது. பச்சைப் பிள்ளை இருக்கிற வீடு.”

எனக்குக் கோபத்தைச் சத்தமாகக் காட்டத் தெரியாது. உன்னைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உன் அப்பாதான் வேலையால் வந்து, தட்டைப் பார்த்து, என்னைப் பார்த்து, சிரிக்க எடுத்த வாயை மூடினார். “மாமி, அது சேறில்லை. உங்கடை மகளின்ரை பரீட்சை.”

அம்மா கை கழுவினார். கழுவிய கையை மறுபடியும் கழுவினார். “ஆரும் எனக்குச் சொல்லேல்லை,” என்றார். அது உண்மை. அத்தனை வருடம் யன்னலில் வைத்திருந்தேன், அது என்ன என்று அம்மாவுக்கு ஒரு நாளும் சொன்னதில்லை. வெட்கப்படுகிறவர்கள் செய்கிற அநியாயம் இது. மற்றவர்கள் தாங்களாகவே விளங்கிக்கொள்ளவேண்டும் என்று காத்திருப்போம். நீ அப்படி இராதே. உனக்குப் பெறுமதியான ஒன்று யன்னலில் இருந்தால், அது என்ன என்று வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லு.

முதல் போத்தலின் உள்பக்கத்தில் மட்டும் ஊதா நிறத்தில் மெல்லிய வளையம் ஒன்று மிஞ்சியிருக்கிறது. இன்று காலை அம்மா அதை ஒரு துவாயில் சுற்றி என் பைக்குள் வைத்தார். “இன்னும் உரஞ்சியிருந்தா இதுவும் போயிருக்கும்,” என்றார். “கை நொந்துது, விட்டிட்டன்.” மன்னிப்பு என்ற சொல் எங்கள் வீட்டில் இப்படித்தான் வரும்.

உன் அப்பா கீழே வானை நிறுத்திவிட்டு ஹோர்ன் அடிக்கிறார். போகவேண்டும். பஸ்ஸில் போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். பாதியில் இறங்கிவிடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

*

போய்விட்டு வந்தேன். உடுப்பு மாற்றவில்லை, சாப்பிடவில்லை. மறக்கமுன் எழுதுகிறேன்.

அந்த அறையில் மூன்று பேர் இருந்தார்கள். ஆய்வுகூடத் தலைவி, தொட்டிகளைப் பார்க்கிற பெரிய மீசைக்காரர், அலுவலகத்து இளைஞர் ஒருவர். நான் துவாயைப் பிரித்து வெறும் போத்தலை மேசையில் வைத்தேன். மீசைக்காரர் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“நாங்கள் சேற்றையும் சேர்த்துத்தான் கூப்பிட்டோம்,” என்றார்.

கதவு என் இடது பக்கம் இருந்தது. அதன் கைப்பிடி எப்படி இருந்தது என்று இப்போதும் வரைந்து காட்டுவேன். கால் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. உண்மையாகத் திரும்பியது, சப்பாத்து நுனி கதவைப் பார்த்தது. அப்போது அம்மா கையை இரண்டாம் முறை கழுவியது நினைவுக்கு வந்தது. நான் வாயைத் திறந்தேன்.

“அம்மா கழுவிவிட்டார்,” என்றேன். “பிள்ளை பிறந்தால் எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் கழுவவேண்டும்.”

மீசைக்காரர் வெடித்துச் சிரித்தார். “தயவுசெய்து உங்கள் அம்மாவை என் தொட்டிப் பக்கம் விடாதீர்கள்! ஒரே நாளில் என் வேலை போய்விடும்.”

நானும் சிரித்தேன். வளையத்தில் விரலை வைத்து, இது ஊதா இருந்த இடம் என்றேன். இதற்கு மேலே பச்சை, இதற்குக் கீழே கறுப்பு. இல்லாததைக் காட்டுவதற்கு இருப்பதைக் காட்டுவதைவிட அதிகம் சொல்லவேண்டியிருந்தது. போத்தல் நிறைந்திருந்தால் நான் பாதிக்கு மேல் பேசியிருக்கமாட்டேன். ஜெர்மன் பிழைகளோடு வந்தது, நிற்காமல் வந்தது. நடுவில் ஓரிடத்தில் சொல் மறந்து நின்றேன். அந்த நேரம் மிக நீளமாக இருந்தது. ஒருவரும் உதவி செய்யவில்லை. ஒருவரும் சாகவும் இல்லை.

தலைவி அதே கேள்வியைக் கேட்டார். “எது அதிகம் விளைந்தது?”

“மூன்றாவது,” என்றேன். “வகை மிகக் குறைந்தது.”

“அப்படியானால் வகைகள் கூடினால் நல்லது என்பது பொய்யா?”

“எந்த அடுக்கில், எவ்வளவு காலம் என்று கேட்கவேண்டும். மூன்றாவது வேகமாக வளர்ந்து செத்தது. முதலாவது மெதுவாக வளர்ந்தது, அம்மா கழுவும்வரை உயிரோடு இருந்தது. ஆனால் முதலாவதுக்குள்ளேயே அதிகம் விளைந்த அடுக்கில் வகை குறைவு. அது ஏன் என்று எனக்குத் தெரியாது.”

தெரியாது என்ற சொல்லை அப்படி ஒரு முழு வசனமாக நான் எங்கேயும் சொன்னதில்லை. தலைவி பேனாவை மூடி வைத்தார். எங்கள் தொட்டிகளில் கல்லிலும் பிளாஸ்டிக்கிலும் படிகிற படலத்திலும் அடுக்குகள்தான் இருக்கின்றன, எங்களுக்கும் முழுதாகத் தெரியாது, பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை என்றார். பிறகு அலுவலக இளைஞர் நான் பயந்ததைக் கேட்டார், சான்றிதழ் எங்கே என்று. இல்லை என்றேன். மூவரும் என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். வெளியே நடைபாதையில் நான் மேலும் கீழும் நடந்ததைப் பார்த்து ஒரு பெண் தண்ணீர் தந்தார்.

முடிவு இதுதான். கோடை முடிந்ததும் இடம் எனக்கு. ஆனால் மாலைப் பள்ளியில் சேர்ந்து, விட்ட பரீட்சையை எழுதி முடிக்கவேண்டும். எழுத்துப் பரீட்சை மட்டுமில்லை, எழுந்து நின்று பேசுவதும் உண்டு. “முடியுமா?” என்று கேட்டார்கள். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் வாய் ஆம் என்றுவிட்டது. இவ்வளவு காலம் திறக்காமலிருந்த வாய் இப்போது என்னைக் கேட்காமல் திறக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, மகனே. உன்னை யார் பார்ப்பது, மாலையில் நீ அழுதால் நான் எங்கே இருப்பேன், ஒன்றும் தெரியாது. ஆனால் காலையில் இருந்த பயம் வேறு, இது வேறு.

வீட்டுக்கு வந்தால் குசினியில் மறுபடியும் அந்த நாற்றம். அம்மா முதியோர் இல்லத்திலிருந்து கொண்டுவந்த கையுறையைப் போட்டுக்கொண்டு நிற்கிறார், மேசையில் கால்வாய்க் கரைச் சேறு நிறைந்த தயிர் வாளி. உன்னைப் பிள்ளை வண்டிலில் வைத்துக்கொண்டு கால்வாய்க் கரைக்குப் போயிருக்கிறார். மிஞ்சிய இரண்டு போத்தல்களில் ஒன்றில் சேற்றைப் பாதிவரை நிரப்பிவிட்டார்.

“ஆரோ ஒரு கிழவன் நாயோடை நிண்டு பாத்தவன், இவளுக்கு விசரெண்டு நினைச்சிருப்பான்,” என்றார். “முட்டை ஒண்டு போதுமோ?”

“மஞ்சள் கரு மட்டும் காணும், அம்மா.”

“என்ன நடந்தது? எடுத்தவையோ?”

“ஓம்.”

அம்மா திரும்பவில்லை. போத்தலுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். “இதைக் கலக்கவேணுமோ?”

“வேண்டாம். அப்பிடியே விடுங்கோ.”

“பேந்து என்னதான் செய்யிறது?”

“ஒண்டும் செய்யிறேல்லை. யன்னலிலை வையுங்கோ.”

ஒன்றும் செய்யாமலிருப்பதை அம்மாவால் நம்ப முடியவில்லை. வைத்துவிட்டு இரண்டு முறை வந்து பார்த்தார். கறிவேப்பிலை வேறு, அந்தச் சேறு ஒத்துக்கொள்ளாமல் இலை உதிர்க்கிறது. அதையும் ஒருமுறை பார்த்துப் பெருமூச்சு விட்டார். அவருக்கு அந்த மரம் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். குளிர்காலமெல்லாம் அதை ஹீட்டருக்குப் பக்கத்தில் பிள்ளை மாதிரி வைத்திருந்தவர்.

நீ வளர்ந்து இதை வாசிக்கும் நாளில் அந்தப் போத்தல் உன் வயதாக இருக்கும், யாரும் கழுவாமலிருந்தால். நான் அந்த நிலையத்தில் நிலைத்தேனா, மாலைப் பள்ளியில் மறுபடியும் எழுந்து ஓடினேனா என்று உனக்குத் தெரிந்திருக்கும். எனக்குத்தான் தெரியாது. உன்னிடம் ஒன்றைத்தான் கேட்கிறேன். உன் கையில் இருக்கும் விடை மற்றவர்களின் விடைக்கு எதிராக வந்தால், அதை மேசையில் வைத்துவிட்டு அங்கேயே நில். பிழை என்றால் சொல்வார்கள், திருத்தலாம். நின்றவனைத்தான் திருத்த முடியும்.

நீ எழும்பிவிட்டாய். கத்துகிறாய். மேல் வீட்டுக்காரர் தடியால் தட்டத் தொடங்கிவிட்டார். இவ்வளவு சின்ன உடம்பிலிருந்து இவ்வளவு சத்தம் எப்படி வருகிறது என்று ஒவ்வொரு முறையும் எனக்கு ஆச்சரியம். என் வாழ்க்கையில் நான் அப்படிக் கத்தியதே இல்லை.

கத்தடா. வாறன்.